வெடிமருந்தும் நன்னடத்தையும்: தண்டனை முடிந்த பிறகு தொடரும் தண்டனை



அண்ணல் அம்பேத்கர் நினைவுப் பேருரையில் வெடிமருந்துச் சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் வியந்தார்கள். இந்த மாவட்டத்தில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? புதுக்கோட்டை பாறைகளின் மாவட்டம். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் கலைக்கும் கல்வெட்டுக்கும் பெயர் பெற்றவை. அவற்றைச் சுற்றி, குளத்தூரிலிருந்து திருமயம் வரை, கல்குவாரிகளும் கிரஷர்களும் நிற்கின்றன. குவாரிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். பாறையில் துளை போடுகிறவர் ஒருவர், துளையில் தோட்டாவை இறக்குகிறவர் ஒருவர், திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடுகிறவர் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். ஆனால் லைசென்ஸ் என்ற காகிதத்தில் இருக்கும் பெயர் வேறு ஒருவருடையது.

கை ஒருவருக்கு, காகிதம் இன்னொருவருக்கு என்ற இந்தப் பிரிவினை எப்படி வந்தது? பணம் ஒரு காரணம், நிலம் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் நன்னடத்தை. யாரை நம்பி வெடிமருந்தைக் கொடுக்கலாம், யாரைக் 'குற்றவாளி' என்று விலக்கிவைக்கலாம் என்ற கேள்விக்கு அரசு சொல்லிவந்த பதிலின் வரலாறு அது. தண்டனை பெற்றவர் எத்தனை காலம் தகுதி இழக்கிறார் என்பதைச் சட்டம் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. நடைமுறை அந்தத் தெளிவை மதிப்பதில்லை. சட்டம் வைத்த எல்லையை நாம் தெரிந்துகொள்ளாததால் சட்டத்தைவிடப் பெரிய தண்டனையை நம் இளைஞர்கள் அனுபவிக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பயத்தில் பிறந்த சட்டங்கள்

இந்தியாவில் ஆயுதத்துக்கும் வெடிமருந்துக்கும் உரிமம் என்ற ஏற்பாடு 1857க்குப் பிந்திய பயத்தில் இறுகியது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது. விலக்கு பெற்றவர்களின் பட்டியலும் கூடவே வந்தது. யார் விசுவாசி என்பதை அரசே தீர்மானித்தது. 1884இல் இந்திய வெடிபொருள் சட்டம் வந்தது. வெடிபொருள் தயாரிப்பு, வைத்திருத்தல், விற்பனை, போக்குவரத்து, இறக்குமதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். ரயில்பாதையும் சுரங்கமும் அணைகளும் பெருகிய காலம். வெடிமருந்து இல்லாமல் ஏகாதிபத்தியம் ஒரு மலையைக்கூடக் குடைந்திருக்க முடியாது. எனவே அந்தச் சட்டத்துக்குத் தொழிலை நடத்தும் முகமும் இருந்தது, விபத்தைத் தடுக்கும் முகமும் இருந்தது.

1908இல் வந்தது வேறு வகைச் சட்டம். அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் வீசிய குண்டில் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் வெடிபொருட்கள் சட்டம் நிறைவேறிவிட்டது. இங்கிலாந்தில் 1883இல் ஐரிஷ் போராளிகளின் டைனமைட் தாக்குதல்களுக்கு எதிராக அவசரமாக இயற்றிய சட்டம்தான் முன்மாதிரி.

இந்த இரண்டு சட்டங்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1884 சட்டத்தின் 9-பி பிரிவின்படி உரிமமில்லாமல் தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது அபராதம். அபராதத்தோடு முடிந்துவிடவும் வழி உண்டு. 1908 சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படியல்ல. சந்தேகத்துக்கிடமான சூழலில் வெடிபொருளை வைத்திருந்தால், சட்டப்படியான நோக்கத்துக்காகவே வைத்திருந்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்டியாக வேண்டும். 2001 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை பத்தாண்டு வரை, சில வகை வெடிபொருளுக்கு ஆயுள் வரை. ஒரே ஜெலட்டின் குச்சி உரிமதாரரின் கிடங்கில் இருந்தால் கணக்குப் புத்தகப் பிரச்சினை. அதுவே கூலியாளின் சைக்கிள் பையில் இருந்தால் 1908ஆம் ஆண்டுப் பிரச்சினையாகிவிட முடியும். எந்தச் சட்டத்தைப் போடுவது என்பது காவல் நிலையத்தில் முடிவாகிறது. அந்த முடிவில் சாதிக்கு இடமில்லை என்று இந்த மண்ணில் வாழ்கிற யாரும் சொல்லமாட்டார்கள்.

பட்டாளத்தில் விசுவாசி, கோலாரில் சந்தேகத்துக்குரியவர்

நம் கைகளுக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு பழையது. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பறையர் சமூகத்தினர் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, அரணைத் தகர்ப்பது அந்தப் படையின் வேலை. ஊருக்குள் செருப்பணிய முடியாதவரிடம் பட்டாளத்தில் வெடிமருந்துப் பீப்பாயை நம்பி ஒப்படைத்தார்கள். பின்னர் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு வந்தது. பம்பாய்ப் படையில் மகர்களுக்கு ஆள்சேர்ப்பு 1890களில் நின்றது. அண்ணலின் தந்தை சுபேதார் ராம்ஜி அந்தக் கதவு மூடப்பட்டதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். நம்பிக்கையைத் தருவதும் எடுப்பதும் ஆட்சியாளரின் தேவையைப் பொறுத்தே நடந்தது. நம் மக்களின் நடத்தையில் எதுவும் மாறியிருக்கவில்லை.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் தோண்டியது. பூமிக்கடியில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து போன தமிழ்த் தலித் தொழிலாளர்கள். பாறையைத் துளைத்து வெடிவைப்பதே அந்தச் சுரங்கத்தின் அன்றாடம். 1930இல் நிர்வாகம் தொழிலாளர்களைப் பதிவு செய்து விரல்ரேகை எடுக்க முற்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வுக்காக நடந்த போராட்டம் அல்ல அது. அந்த நாளில் விரல்ரேகை எடுக்கப்படுவது யாரிடம்? குற்றவாளியிடம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டவர்களிடம். 'நாங்கள் உழைக்க வந்தவர்கள், கைதிகள் அல்ல' என்பதே அந்த வேலைநிறுத்தத்தின் சாரம். உழைப்பாளியின் நன்னடத்தையை யார் சோதிப்பது என்ற கேள்வி தமிழ்த் தலித் தொழிலாளர் வரலாற்றில் அன்றே தெருவுக்கு வந்துவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். சுரங்கத் தொழிலாளர் நலன் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். மேலே இருக்கும் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கீழே இருக்கும் கையைப் பார்க்கப் போனவர் அவர். அந்த முறைதான் நமக்கும் வேண்டும்.

கல் உடைத்தவர்களே குற்றப் பட்டியலில்

1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். குற்றம் செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. பிறந்தவுடனேயே குற்றவாளி என்பது வேறொன்று. இரண்டாவதைத் தலித்துகளிடம் விளக்க வேண்டியதில்லை. பிறப்பால் தீட்டு என்பதும் பிறப்பால் குற்றம் என்பதும் ஒரே தறியில் நெய்தவை.

தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒட்டர், கல் ஒட்டர், போயர் என்ற பெயர்கள் மாவட்ட வாரியாக அதில் இருக்கின்றன. கிணறு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், சாலை போட்டவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பாறையைத் தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாறையைப் பிளக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவுக்குச் சான்றிதழ் தர வேண்டிய அரசு அவர்களுடைய நடத்தைமீது முத்திரை குத்தியது.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. சாதியின் பெயர் போய்த் தனிமனிதரின் பெயர் வந்தது. பதிவேடு மட்டும் அதே அலமாரியில் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப்படி வேலை பிரிப்பதை அரசமைப்புக்கு எதிரானது என்று சொன்னது. சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல்லுக்குள் அடைக்கும் சிறைக் கையேடுகளையும் அது கண்டித்தது. பட்டியல் நீங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அதன் நிழலை நீதிமன்றம் துரத்த வேண்டியிருக்கிறது.

6-ஏ பிரிவு சொல்வதும் சொல்லாததும்

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் 1978இல் ஒரு பெரிய திருத்தம் செய்யப்பட்டது. 6-ஏ முதல் 6-எஃப் வரையான பிரிவுகள் அப்போது சேர்ந்தவை. தகுதியிழப்பைச் சொல்வது 6-ஏ. நான்கு வகையினர் வெடிபொருளைத் தயாரிக்கவோ விற்கவோ எடுத்துச்செல்லவோ இறக்குமதி, ஏற்றுமதி செய்யவோ கூடாது என்கிறது அது. அரசு குறிப்பிட்டு அறிவித்த வெடிபொருள்களை அவர்கள் வைத்திருக்கவும் கூடாது.

முதல் வகை, 18 வயது நிறையாதவர். இரண்டாவது, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர். அவருக்கான தடை, தண்டனைக் காலம் முடிந்த பிறகு ஐந்தாண்டு வரை. மூன்றாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் அத்தியாயத்தின்படி அமைதி காக்க அல்லது நன்னடத்தைக்காகப் பிணைமுறி எழுதித்தர உத்தரவிடப்பட்டவர். அவருக்கான தடை, அந்தப் பிணைமுறியின் காலம் வரை. நான்காவது, இதே சட்டப்படி உரிமம் ரத்தானவர். ரத்தான நாளிலிருந்து ஐந்தாண்டு.

இரண்டாவது வகையை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். தண்டனை வேண்டும். எஃப்.ஐ.ஆர். போதாது, குற்றப்பத்திரிகையும் போதாது. எல்லாத் தண்டனையும் இதில் வராது. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனை இதில் வராது. ஐந்தாண்டு முடிந்தால் இந்தத் தடையும் முடிந்தது. ஆக, சட்டம் ஒருவரை என்றென்றைக்கும் விலக்கிவைக்கவில்லை. தண்டனை அனுபவித்தவர் திரும்பி வருவதற்கு ஒரு தேதியை வைத்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை தெரியும். நமது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் முதலில் இதே ஆறு மாத வரம்பு இருந்தது. 1983இல் அதை எடுத்துவிட்டு எந்தக் கால அளவுச் சிறைத்தண்டனையானாலும் ஐந்தாண்டுத் தடை என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர் வெடிபொருளை வைத்திருக்கக் கூடாது. அதற்குக் கால எல்லை இல்லை. மத்திய அரசிடம் மனுச் செய்து விலக்குப் பெற்றால்தான் உண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், வெடிபொருளைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளியின் குற்றப் பின்னணியையும் அரசு சரிபார்க்க வேண்டும் என்றது. அந்த நாட்டில் இந்த வரலாறு எங்கிருந்து வருகிறது? அடிமைமுறை ஒழிந்த கையோடு 1865இல் மிசிசிப்பி மாநிலம் கொண்டுவந்த கறுப்பர் சட்டம், உரிமம் பெறாத கறுப்பர் துப்பாக்கியோ தோட்டாவோ கத்தியோ வைத்திருக்கக் கூடாது என்றது. விடுதலை பெற்றவரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது தற்காப்பு. இன்று அந்தச் சட்டத்தில் நிறத்தின் பெயர் இல்லை. தண்டனை என்ற சொல் இருக்கிறது. சிறைகளில் யார் அதிகம் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டிலும் கணக்கு அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியலினத்தவர் 16.6 விழுக்காடு. தேசியக் குற்றப் பதிவேட்டு ஆணையத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தண்டனைக் கைதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியலினத்தவர். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்று. அது போய் விழும் இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

பிணைமுறி என்ற சின்னக் காகிதம்

6-ஏ பிரிவின் மூன்றாவது வகையைத்தான் இயக்கத் தோழர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். தண்டனைக்கு நீதிமன்றம் வேண்டும், சாட்சி வேண்டும், தீர்ப்பு வேண்டும். பிணைமுறிக்குத் தண்டனைத் தீர்ப்பு வேண்டாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 107 முதல் 110 வரையான பிரிவுகள் அவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 126 முதல் 129 வரை. அமைதிக்குப் பங்கம் வரலாம் என்று தகவல் வந்தால் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாகத்துறை நடுவர் விசாரித்து ஓராண்டு வரை பிணைமுறி கேட்கலாம். 'வழக்கமான குற்றவாளி' என்ற வகையில் மூன்றாண்டு வரை கேட்கலாம்.

ஊரில் இது எப்படி நடக்கிறது? கோயில் திருவிழாவில் தகராறு, தேநீர்க் கடையில் தகராறு, சுடுகாட்டுப் பாதையில் தகராறு. அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்தப்படுகிறார்கள். 'இரு தரப்பு' என்ற சொல் வந்துவிடுகிறது. அடிபட்ட தலித் இளைஞரும் கையெழுத்துப் போடுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் எதிர்ப்புகார் ஒன்று கொலைமுயற்சி என்றோ கொள்ளை என்றோ வந்து சேர்கிறது. பின்னாளில் அவர் குவாரியில் வெடிவைக்கும் பயிற்சிக்குப் போகிறார், அல்லது ஒரு சின்னப் பட்டாசுக் கடைக்கு மனுப் போடுகிறார். காவல் நிலையச் சரிபார்ப்பில் அந்தப் பழைய காகிதம் மேலே வருகிறது.

வேங்கைவயல் நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானதாகச் சி.பி.சி.ஐ.டி. சொன்னபோது அதில் இருந்தது அதே மக்களைச் சேர்ந்த மூவரின் பெயர். ஊரும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. குற்றம் சாட்டப்படுவதற்கும் குற்றவாளி ஆவதற்கும் இடையில் சட்டம் வைத்திருக்கும் தூரத்தை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் கொடுத்திருந்த தமிழ்நாட்டு அரசாணைகளை ரத்து செய்தது. புகார் சொல்பவரே நடுவராக உட்காரக் கூடாது என்பது எளிய நியாயம். அந்த எளிய நியாயத்துக்கே அவ்வளவு காலம் ஆனது.

குத்தகை கிடைத்தது, வெடிமருந்து?

புதுக்கோட்டைக்கு ஒரு நல்ல வரலாறும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தைக் குலுக்கிய காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கல்குவாரிகளின் குத்தகை ஏழைப் பெண்களின் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. அவர்களில் பலர் அதற்கு முன்பு அதே குவாரிகளில் கொத்தடிமைகள். சைக்கிள் கற்ற பெண்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குவாரியைக் கையில் எடுத்த பெண்களைப் பற்றிப் பேசுவது குறைவு. பி. சாய்நாத் இரண்டையுமே எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. பாறைக்கான குத்தகை ஒரு சட்டம். 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளும் அதற்கானவை. பாறையைத் தகர்க்கும் வெடிமருந்துக்கான உரிமம் வேறு சட்டம். முதலாவதைப் பெற்றவர் இரண்டாவதைப் பெற்றவராகிவிடுவதில்லை. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் அதிகாரம் பல அடுக்காகப் பிரிந்திருக்கிறது. சிவகாசிப் பக்கம் மக்கள் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ்' என்று சொல்வது இதைத்தான். பட்டாசு தயாரிப்பில் 15 கிலோ வரை மாவட்ட நிர்வாகம், அதற்கு மேல் 500 கிலோ வரை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி, அதற்கும் மேலே நாக்பூரில் உள்ள தலைமை அதிகாரி. வெடிவைக்கிறவருக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. சுரங்கச் சட்டத்தின்கீழ் வரும் இடங்களில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நிலமும் முதலும் படிப்பும் காவல் நிலையத்தில் சுத்தமான பெயரும் ஒருசேர உள்ளவர் இந்தப் படிகளில் ஏறுகிறார். இருபதாண்டு வெடிவைத்த கை கீழேயே நிற்கிறது. கிரஷரும் பெரிய இயந்திரமும் வந்த பிறகு அந்தப் படிகளின் உயரம் இன்னும் கூடிவிட்டது.

குவாரிகளைக் கேள்வி கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. சட்டவிரோதக் குவாரிகள் குறித்துப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று திருமயம் அருகே லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. காகிதம் யார் கையில் என்று கேட்பது இங்கே உயிரைப் பணயம் வைக்கும் கேள்வி.

நம் கையில் உள்ள பிரிவுகள்

வெடிமருந்து விளையாட்டல்ல. ஒவ்வொரு ஆண்டும் பட்டாசு ஆலைகளில் கருகிச் சாவது யார்? நம் பெண்கள்தான், நம் பிள்ளைகள்தான். எனவே யாருக்கும் கேள்வியின்றி உரிமம் கொடு என்று நாம் கேட்கவில்லை. கட்டுப்பாடு கடுமையாக இருக்கட்டும். ஆனால் அது சட்டத்தில் எழுதியபடி இருக்கட்டும்.

இயக்கத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. உரிமம் மறுக்கப்பட்டால் 6-சி பிரிவின்படி அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலன் கருதி மறுத்தாலன்றி, கேட்டால் அந்தக் காரணத்தின் சுருக்கத்தைத் தர வேண்டும். 6-எஃப் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 'உன்மேல் கேஸ் இருக்கிறது' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டால் அதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். 'தகுதியற்றவர்', 'பொது அமைதி' என்ற விரிந்த சொற்களும் 6-சியில் இருக்கின்றன. அவற்றுக்குள் சாதி ஒளிந்துகொள்ள முடியும். அதனால்தான் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் வந்ததைத்தான் எதிர்த்து வாதாட முடியும்.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவை வழக்கறிஞர் தோழர்கள் மறக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றம் நிரூபணமானாலும், தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சிறார்களுக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. 16 வயது கடந்து, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. 'அபராதம் கட்டிவிட்டு வந்துவிடு' என்று சொல்லி நம் பையன்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கம் நீதிமன்ற வளாகங்களில் உண்டு. அதற்கு முன் இந்தச் சட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பவன்குமார் என்ற ஹரியானாக்காரர் 20 ரூபாய் அபராதம் கட்டிய ஒரு சிறு வழக்கால் அரசு வேலையை இழந்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், அந்தக் குற்றத்தை ஒழுக்கக்கேடு என்று தானாகவே கொள்ள முடியாது என்றது. 20 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஒழுக்கக்கேடு என்ற சொல்லுக்கு எந்தச் சட்டத்திலும் விளக்கம் இல்லை. அப்படியானால் கேட்கிறேன். ஒரு மனிதரைச் சாதியின் பெயரால் அடித்து, ஊரைவிட்டு விலக்கி, வீட்டைக் கொளுத்தி, அதற்காகத் தண்டனை பெற்றவரின் குற்றம் ஒழுக்கக்கேடா இல்லையா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் எல்லாத் தண்டனையையும் ஒழுக்கக்கேடு சார்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். அதே சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 3ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் தேவையானால் பட்டியலினத்தவர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம். பட்டியலினத்தவருக்கு, அவர்களின் உயிரையும் உடைமையையும் காக்க, ஆயுத உரிமம் வழங்கலாம். இவை அரசே எழுதிவைத்த வரிகள். உரிமம் என்பது சாதியோடு தொடர்புடையது என்று அரசே ஒப்புக்கொண்ட வரிகள்.

1884 சட்டத்தை நீக்கிப் புதிய வெடிபொருள் சட்டம் கொண்டுவர 2024இல் மத்திய அரசு ஒரு வரைவை முன்வைத்தது. தகுதியிழப்பு விதி மீண்டும் எழுதப்படும்போது நாம் பேசாமல் இருந்தால் வேறு யாரோ நமக்காக எழுதுவார்கள். நம் கோரிக்கைகள் நான்கு. தடை, தண்டனையின் அடிப்படையில் மட்டும் இருக்க வேண்டும். வழக்கின் அடிப்படையிலோ பதிவேட்டின் அடிப்படையிலோ இருக்கக் கூடாது. ஆறு மாத வரம்பும் ஐந்தாண்டு எல்லையும் குறையக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளானவரிடம் அதே சம்பவத்துக்காக வாங்கிய பிணைமுறி தகுதியிழப்பாகக் கூடாது. குவாரியில் வேலை செய்தவருக்கு அரசுச் செலவில் வெடிவைக்கும் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை வெடிபொருள் உரிமங்கள் நடப்பில் இருக்கின்றன, எத்தனை மனுக்கள் என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டன, பிணைமுறி வாங்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். குவாரிக்குப் போய்த் துளை போடுகிறவரிடம் பேசுங்கள். அவர் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

கோலாரில் 1930இல் விரல்ரேகை தர மறுத்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்கள் மீது என்ன எழுதப்படுகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாம் படித்திருக்கிறோம். நம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிப்போம், தவறாக எழுதியதைத் திருத்தச் செய்வோம்.